பள்ளித் தோட்டமும் ஒரு வகுப்பறைதான்

மௌலா அலி என்றதும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில்தான். டீசல் லோகோ ஷெட், ரயில்வே பயிற்சி நிலையம், அவற்றைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் என்று வேலை நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்கள் இங்கே அநேகம். அடுத்தபடியாக நினைவுக்கு வருவது, ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றும் அதன் உச்சியில் இருக்கும் குதுப்ஷாஹி காலத்துத் தர்காவும். தோட்டம் என்றால் யாருக்கும் மௌலா அலி நினைவுக்கு வராது. ஆனால் அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் உருதுக் கவிஞர் மஹ் லகா பாய் 1792-இல் தன் தாய்க்குச் சமாதி எழுப்பி, சுற்றிலும் தோட்டம் அமைத்தார். பின்னாளில் அவரும் அங்கேயே அடக்கமானார். பாழடைந்து கிடந்த அந்த இடம் 2011 வாக்கில் புதுப்பிக்கப்பட்டது. ஆக, இந்தப் பாறை மண்ணுக்குப் பூவும் காயும் புதியவை அல்ல.

நான் சொல்ல வந்தது அந்தத் தோட்டத்தைப் பற்றி அல்ல. எங்கள் குடியிருப்பை அடுத்த ஒரு பள்ளியின் பின்புறத்தில் நூறு கஜம் அளவுள்ள ஒரு சிறிய காய்கறித் தோட்டம் இருக்கிறது. (ஹைதராபாத்தில் நிலத்தைக் கஜத்தில்தான் அளப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நூறு கஜம் என்றால் தொள்ளாயிரம் சதுர அடி.) ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகு, வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய் அறிவியல் ஆசிரியைக்கு ஒத்தாசையாக இருந்து வருகிறேன். தமிழ்ப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், உருது பேசும் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் 'தாத்தா'. இந்தச் சொல்லில் மட்டும் தமிழுக்கும் தெலுங்குக்கும் சண்டையே இல்லை.

இப்போது அந்த நூறு கஜத்துக்கு ஓர் ஆபத்து வந்திருக்கிறது. பள்ளி வேன்களை நிறுத்த இடம் போதவில்லை. தோட்டத்தை மூடி சிமெண்ட் தளம் போட்டுவிடலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. காலையிலும் மாலையிலும் தெருவில் வேன்கள் நிற்பது பிள்ளைகளுக்கும் ஆபத்துதான். முடிவெடுக்கும் முன் பெற்றோரின் கருத்தைக் கேட்கப் போகிறார்கள். "நாலு கத்திரிச் செடிக்காக இவ்வளவு யோசனையா?" என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

எல்லாப் பாடமும் அங்கே உண்டு

தோட்டம் என்பது பள்ளிக்கு அலங்காரம் என்று நினைத்தால், அதை மூடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை. வாசலில் நான்கு குரோட்டன்ஸ் தொட்டி வைத்தால் போயிற்று. ஆனால் அது வகுப்பறை என்றால்? என்னென்ன பாடம் அங்கே நடக்கிறது என்று பாருங்கள்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் செய்வது விதைக் கணக்கு. ஈரத் துணியில் ஐம்பது வெண்டை விதையை முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவார்கள். நாற்பத்தொன்று முளைத்தால் 82 சதவீதம். சதவீதம் என்ற பாடம் கரும்பலகையில் புரியாத பிள்ளைக்கும் இங்கே புரிந்துவிடுகிறது; ஏனென்றால் முளைக்காத ஒன்பது விதையும் அதன் கையிலேயே இருக்கிறது.

அடுத்தது மழைக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். மூன்று சதுர மீட்டர் பாத்தியில் இரவில் 20 மில்லி மீட்டர் பெய்திருந்தால் 60 லிட்டர். எட்டு லிட்டர் பூவாளியால் ஏழு தடவைக்கு மேல் ஊற்ற வேண்டிய தண்ணீர் அது. அப்படியே தலையை நிமிர்த்திப் பள்ளியின் மொட்டை மாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். மாடி 200 சதுர மீட்டர் இருந்தால், அதே ஒரு இரவில் 4,000 லிட்டர் விழுந்து சாக்கடையில் போய்விட்டது என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்வார்கள். எங்கள் பேட்டையில் 'நல்லா'வில் தண்ணீர் வரும் நேரத்துக்காகக் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். அந்த 4,000 லிட்டரின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

மண் பாடமும் அப்படித்தான். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மண்ணும் பாதி தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிட்டால் போதும். முதலில் மணல் அடியில் தங்கும், அதன் மேல் வண்டல், கடைசியாகக் களி. மௌலா அலி மண்ணில் மணல்தான் பெரும்பங்கு. காரணம் கண்ணெதிரே நிற்கிற அந்தக் குன்றுதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவான இந்தக் கருங்கல் பாறை, வெயிலிலும் மழையிலும் நொறுங்கி நொறுங்கித்தான் இந்தச் சிவந்த மண் ஆனது. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்கிவிடும். அதனால்தான் தொழுவுரமும் மட்கிய இலையும் இதற்கு அவசியம். புவியியலும் அறிவியலும் இங்கே ஒரே பாட்டிலுக்குள் அடங்கிவிட்டன.

பயறு வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி வரும். தேர்வுக்காக மனப்பாடம் செய்வார்கள். தோட்டத்தில் ஒரு காராமணிச் செடியைப் பிடுங்கி, வேரில் இருக்கும் சிறு முடிச்சுகளில் ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அந்த நிறம் இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். ஒருமுறை பார்த்த பிள்ளை அதை மறக்காது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் பூசணிப் பூ. "தாத்தா, பூவாகப் பூக்கிறது, ஒன்றுகூடக் காய்க்கவில்லை" என்று புகார் வரும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். பின்னால் வரும் பெண் பூவின் அடியில் மட்டும்தான் கோலிக்குண்டு போல ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். வித்தியாசம் தெரிந்த பிறகு, "தேனீ எப்போது வரும்?" என்று பார்க்கச் சொல்வோம். பூசணி காலையில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் சுருங்கிவிடும். பீர்க்கும் சுரையும் மாலையில்தான் விரியும். காலைப் பள்ளி நேரத்தில் பீர்க்கம்பூவைப் பார்த்து, "இது பூக்கவே இல்லை" என்று எழுதிய பிள்ளைகள், மாலையில் வீட்டுக்குப் போகும்போது மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்திருப்பதைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்கள். ஒரு செடிக்கு அதன் நேரம் என்று ஒன்று உண்டு. நம் மணி அடித்தால் அது பூக்காது. இதை எந்தப் புத்தகம் சொல்லிக் கொடுக்கும்?

இங்கே ஆடிக்குக் காத்திருக்க முடியாது

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது நம் முன்னோர் வாக்கு. ஜூலை நடுவில் பிறக்கும் ஆடி தமிழகத்துக்குச் சரி. அங்கே பல மாவட்டங்களுக்குப் பெரிய மழை, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான். சென்னையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடும். தக்காணத்தில் கதையே வேறு. ஹைதராபாத்துக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 800 மில்லி மீட்டர் மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் வந்துவிடும். இங்குள்ள விவசாயி ஜூன் 8 வாக்கில் வரும் மிருகசிரக் கார்த்தியைப் பார்த்துத்தான் நிலத்தைத் தயார் செய்கிறான். ஆஸ்துமாவுக்கு மீன் பிரசாதம் வாங்க நாம்பள்ளியில் கூட்டம் அலைமோதும் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே நாள்தான். ஆடி பிறக்கும்போது இங்கே செடிக்கு ஒரு மாத வயதாகியிருக்கும்.

இதில் நமக்கு ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதும் ஜூன் இரண்டாம் வாரம். மழை வருவதும் ஏறக்குறைய அதே வாரம். புதுப் புத்தகத்துக்கு அட்டை போடும் வாரத்திலேயே விதையும் ஊன்றலாம். வெந்தயக்கீரையும் முளைக்கீரையும் மாதத் தேர்வுக்கு முன்னே கைக்கு வந்துவிடும். வெண்டை ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும்; சுதந்திர தினத்தன்று முதல் காய் பறிக்கலாம். தசரா விடுமுறைக்குள் அவரைப் பந்தல் நிறைந்துவிடும். குளிர் காலத்தில் தக்காளி, முள்ளங்கி, கொத்துமல்லி. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பிள்ளைகளும் விடுமுறையில்; பாத்திகளும் விடுமுறையில். முருங்கையும் கறிவேப்பிலையும் மட்டும் காவல் இருக்கும். பள்ளி ஆண்டும் பயிர் ஆண்டும் இப்படி ஒன்றாய் நடக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைப் பயன்படுத்தாமல் விடலாமா?

பெயர் தெரிந்தால் உறவு தெரியும்

தமிழ்ச் சங்க இதழில் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் தெலுங்கும் இந்தியும். வீட்டுத் தமிழ் என்பது சாப்பாடு, தூக்கம், டி.வி. என்று ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. கடையில் வாங்கும் காய் வெட்டிய துண்டமாகவே வீட்டுக்கு வருகிற காலத்தில், பிஞ்சு எது, முற்றல் எது என்று சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படுவதில்லை.

தோட்டத்தில் தேவைப்படுகிறது. விதைத்து முளைப்பவற்றில்கூடத் தமிழ் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதில்லை. கத்திரிக்கு நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி. இளங்காய்க்கும் அப்படியே: வெள்ளரியில் பிஞ்சு, மாவில் வடு, வாழையில் கச்சல், தென்னையில் குரும்பை. 'தென்னம்பிள்ளை' என்று நான் சொன்னபோது ஒரு சிறுமி, "மரத்தைப் போய் யாராவது பிள்ளை என்பார்களா?" என்று சிரித்தாள். அப்படிச் சொன்னவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள் என்றேன். பிள்ளையைப் போல் வளர்த்தால் பின்னாளில் சோறு போடும் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு பலகை வைத்து நான்கு மொழியில் பெயர் எழுதச் சொன்னோம். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது. நம் வெண்டை தெலுங்கில் பெண்டகாய. பீர்க்கு, பீரகாய. சுரை, சொரகாய. பசலை, பச்சலி. பொன்னாங்கண்ணி, பொன்னகண்டி. எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள், இவை இரண்டும் ஒரே வீட்டு மொழிகள் என்று. கறிவேப்பிலையைத் தெலுங்கில் கரிவேபாகு என்றால், ஹைதராபாத் உருதுவில் கரியாபாக்! உருது பேசும் பையன் அதைத் தன் அம்மாவின் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மூன்று வீட்டுச் சொல் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரே பெருமை. புளிச்சக்கீரைக்கு மட்டும் ஒற்றுமை கிடையாது. தெலுங்கில் கோங்கூர, இங்குள்ள உருதுவில் அம்பாடா. ஆனால் மூன்று வீட்டுச் சமையலறையிலும் அதற்கு மரியாதை உண்டு.

வாரம் ஒரு நாள் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை இழுத்து வருவதே நமக்குப் பெரும்பாடாக இருக்கிறது. 'மரம்' என்ற சொல்லை எழுதச் சொன்னால் கொட்டாவி விடும் பிள்ளை, தான் நட்ட செடிக்குப் பலகை எழுத வேண்டும் என்றால், 'ழ'வா 'ள'வா என்று தானே வந்து கேட்கிறது. மொழிக்கு ஒரு வேலை கொடுத்தால் மொழி தங்கும். வேலை இல்லாத மொழி விருந்தாளி மாதிரி. எத்தனை நாள் இருக்கும்?

குன்னூரிலிருந்து தார்நாகாவுக்கு

நம்மைப் போலவே தமிழகத்திலிருந்து இடம் பெயர்ந்து வந்த ஒரு நிறுவனம் மௌலா அலிக்குப் பக்கத்திலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைத்தான் சொல்கிறேன். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் தொடங்கிய ஆராய்ச்சி அது. 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியது. 1969-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. அதன் இயக்குநராக இருந்து இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்; நூறு வயது வாழ்ந்து 2019-இல் மறைந்தார். நம் நாட்டு உணவுகளில் எதில் என்ன சத்து என்று அளந்து சொல்லும் அட்டவணைகள் இந்த நிறுவனத்தின் கொடை. 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம்பெற்றன. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் வந்ததற்கும் இங்கே நடந்த ஆராய்ச்சியே அடிப்படை.

அதே வைட்டமின் ஏ-க்கு மூலமான சத்து முருங்கைக்கீரையிலும் பொன்னாங்கண்ணியிலும் இருக்கிறது. இருந்து என்ன பயன்? தட்டில் ஒதுக்கி வைக்கிறார்களே! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இது கிராமத்து ஏழைகளின் நோய் என்று நாம் தள்ளிவிட முடியாது. பிஸ்கட்டும் நூடுல்ஸும் தின்னும் நம் பிள்ளைகளையும் ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

நூறு கஜம் தோட்டம் ஒரு பள்ளிக்கே சோறு போடாது; அப்படிச் சொன்னால் அது பொய். ஒரு பிள்ளைக்கு மாதத்தில் ஒரு கைப்பிடிக் கீரை கிடைத்தால் அதிகம். ஆனால் தான் விதைத்து, தான் தண்ணீர் ஊற்றி, தான் பறித்த கீரையை எந்தப் பிள்ளையும் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. 'அம்மா, இது என் கீரை' என்று வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரியல் செய்யச் சொல்லித் தின்ற பிள்ளைகள் உண்டு.

பெரியவர்கள் எண்ணியதும், நம்மவர் அஞ்சியதும்

இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. ஜெர்மனியில் ஃபிரோபெல் சிறு குழந்தைகளுக்காக 1837-இல் தொடங்கிய பள்ளிக்கு, 1840-இல் அவர் வைத்த பெயர் 'கிண்டர்கார்ட்டன்'. குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். வெறும் உவமைக்காக அல்ல; அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி இருந்தது, எல்லோருக்கும் பொதுவான பாத்திகளும் இருந்தன. இன்று தெருவுக்குத் தெரு கிண்டர்கார்ட்டன் இருக்கிறது, தோட்டத்தைத்தான் காணோம்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டில், கைத்தொழில் வழியே கல்வி என்ற ஆதாரக் கல்வித் திட்டம் உருவாயிற்று. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். பின்னாளில் குடியரசுத் தலைவரான அவர் பிறந்தது நம் ஹைதராபாத்தில்தான், 1897-இல். நூல் நூற்பதோடு தோட்ட வேலையும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றது. இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத்தை அடுத்த மச்னூர் கிராமத்தில் தக்காண வளர்ச்சிச் சங்கம் 1993-இல் தொடங்கிய 'பச்சசாலெ' என்ற பள்ளியில், பாடங்களோடு விவசாயமும் மற்றத் தொழில்களும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. அமெரிக்காவின் பெர்க்லி நகரில், 1995-இல் ஆலிஸ் வாட்டர்ஸ் என்ற உணவக உரிமையாளரின் முயற்சியால், ஒரு நடுநிலைப் பள்ளியின் தார் பூசிய மைதானத்தைப் பெயர்த்து எடுத்துத் தோட்டம் போட்டார்கள். அவர்கள் தாரைப் பெயர்த்துத் தோட்டம் போடுகிறார்கள். நாம் தோட்டத்தைப் பெயர்த்து சிமெண்ட் போடலாமா?

ஆனாலும் நம்மவர்களின் தயக்கத்துக்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்று இருந்தது. இது குலக்கல்வி என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. 'மண்வெட்டியைப் பிடித்தது என் அப்பாவோடு போகட்டும், என் பிள்ளை பேனா பிடிக்கட்டும்' என்று ஒரு தகப்பன் நினைத்தால், அந்த நினைப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

அதனால்தான் எங்கள் தோட்டத்தில் இரண்டு விதிகளை விடாமல் வைத்திருக்கிறோம். முதலாவது, வகுப்பில் உள்ள எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். முதல் மார்க் வாங்குகிறவனும் எருக்கூடை தூக்க வேண்டும். கடைசி மார்க் வாங்குகிறவளும் நோட்டில் கணக்கு எழுத வேண்டும். இரண்டாவது, தோட்ட வேலையைத் தண்டனையாக யாருக்கும் கொடுக்கக் கூடாது. வீட்டுப்பாடம் செய்யாதவனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பினால், தண்ணீர் ஊற்றுவது கேவலம் என்ற பாடத்தைத்தான் மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

'படிப்பு கெட்டுவிடாதா?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தொழில் கற்கச் சொல்கிறது. அந்தத் தொழில்களின் பட்டியலில் தோட்ட வேலையும் இருக்கிறது. மதிய உணவுத் திட்டப் பள்ளிகளில் சத்துணவுத் தோட்டம் அமைக்க மத்திய அரசு 2019-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நகரத்துப் பள்ளிகளில் நிலம் இல்லையென்றால் தொட்டியிலும் மாடியிலும் வளர்க்கலாம் என்பதும் அதில் உண்டு.

கவனிக்க வேண்டியவை

நகரத்துத் தோட்டத்துக்கு நகரத்துத் தொல்லைகளும் உண்டு. மௌலா அலி, நாச்சாரம், சர்லப்பள்ளி எல்லாம் தொழிற்சாலைப் பகுதிகள். சாலையோரத்திலோ, பழைய பெயிண்ட் உதிரும் சுவரோரத்திலோ இருக்கும் மண்ணில் ஈயம் சேர்ந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் தரையில் விதைக்காமல், செங்கல் கட்டி ஓரடி உயரத்துக்கு நல்ல மண் நிரப்பிய மேட்டுப் பாத்தியில் விதைப்பதே உத்தமம். கீரையையும் கிழங்கையும்விட வெண்டை, கத்திரி போன்ற காய்களில் ஈயம் ஏறுவது குறைவு. எதுவானாலும் நன்றாகக் கழுவிய பிறகே வாயில் போக வேண்டும்.

அரளி, ஊமத்தை வேண்டவே வேண்டாம். 'வய்யாரி பாமா' என்று தெலுங்கில் அழகாய்ப் பெயர் வைத்திருக்கும் பார்த்தீனியத்தைப் பிள்ளைகளைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். அரிப்பும் மூச்சிரைப்பும் வரும். பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு பூக்கும் முன்பே பிடுங்க வேண்டும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வளரும். முட்டை கொசுவாவதற்குச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துக் காய வைத்தால் போதும். இதுவும் பாடம்தான். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி இருப்பதை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்ட் 20 அன்று, நம் செகந்திராபாத்தில்தான் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். அந்த வாரத்திலிருந்து ஒரு தட்டிலும் தண்ணீர் நிற்காது.

அசுவினி வந்தால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். பொறிவண்டு வருகிறதா என்று நான்கு நாள் பொறுத்துப் பாருங்கள். அசுவினிதான் அதற்குச் சாப்பாடு. அப்படியும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: நேர அட்டவணையில் தோட்டத்துக்கு ஒரு பீரியட் வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வேண்டும். இந்த இரண்டும் இல்லாத தோட்டம் தோட்டக்காரரின் தோட்டமாகத்தான் இருக்கும். பிள்ளைகளின் தோட்டமாக ஆகாது.

நமது கடமை

வேன்களுக்கும் இடம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆசிரியையும் நானும் ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறோம். மதில் ஓரமாக மூன்றடி அகலத்துக்கு நீளப் பாத்தியை விட்டுவிட்டு, மீதியில் வேன் நிற்கட்டும். மாடியில் தண்ணீர்க் கசிவுக்குத் தக்க ஏற்பாடு செய்து ஐம்பது தொட்டிகள் வைக்கலாம். மதிலோரத்து முருங்கையை மட்டும் வெட்ட வேண்டாம். நூறு கஜத்தில் முப்பதாவது மிஞ்சும். முப்பது கஜத்திலும் விதை முளைக்கும்.

ஆனால் ஒரு கிழவனும் ஓர் ஆசிரியையும் சொல்வதைவிட, பெற்றோர் பத்துப் பேர் எழுந்து சொல்வதற்கு மதிப்பு அதிகம். அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் நம் வீட்டுப் பிள்ளைகள். கூட்டத்துக்குப் போகும் அன்பர்கள் மார்க்கையும் ஃபீஸையும் பற்றிக் கேட்டுவிட்டு, தோட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள். வேறு பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்கள், 'உங்கள் பள்ளியில் பிள்ளைகள் மண்ணைத் தொட ஓர் இடம் இருக்கிறதா?' என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பழைய வாளி ஒன்று போதும். அடியில் துளை போட்டு வெந்தயம் தெளித்துவிட்டு, தினம் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், தமிழில். மூன்று வாரத்தில் கீரையும் இருக்கும், இருபது வரித் தமிழும் இருக்கும்.

நாம் ஊரை விட்டு வந்தோம். நிலத்தை விட்டு வந்தோம். பிழைப்புக்காக வந்தவர்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆனால் விதை சிறியது; சட்டைப் பையிலும் வரும். அதை ஊன்ற மூன்றடி மண்ணைப் பிள்ளைகளுக்கு விட்டு வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.